எச்.ஐ.வி. பணிக்குப் புதிதாக வரும் தொண்டு நிறுவனங்களுக்கு: முதல் ஆண்டை எப்படிக் கடப்பது

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. வேலைக்குப் புதிதாக வரும் தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகின்றன. ப்ராஜெக்ட் எப்படிக் கிடைக்கும்? பயிற்சி யார் கொடுப்பார்கள்? இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் ஊழியர் இன்று பஸ் ஸ்டாண்டில் சந்திக்கும் ஒருவர் பரிசோதனைக்குப் போவாரா, தொற்று இருந்தால் மருந்து தொடங்குவாரா, அடுத்த வருடமும் அதை விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பாரா? நீங்கள் எடுக்கும் பயிற்சி, எழுதும் பதிவேடு, வாங்கும் பணம் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போட வேண்டும். ஆள் எந்த இடத்தில் கைநழுவிப் போகிறார் என்று பார்க்கத் தெரிந்த நிறுவனம் தேறிவிடும். எத்தனை ஆணுறை கொடுத்தோம் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் நிறுவனம் மூன்று வருடம் ஓட்டிவிட்டு மூடிவிடும்.

முதலில் மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

இது காலி மைதானம் இல்லை. இந்தியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. 1994ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. டான்சாக்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறுகளிலிருந்தே சமூக அமைப்புகளும் எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்புகளும் வேலை செய்கின்றன. எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களே 1997ல் தொடங்கிய ஐ.என்.பி. பிளஸ் அமைப்புக்கும் சென்னைதான் ஊர்.

1986ன் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. அந்தப் பரிசோதனையில் தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்கள் பாலியல் தொழிலுக்காகப் பிடிக்கப்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தவர்கள். முடிவு தெரிந்த பிறகு அவர்களை வெளியே விடவில்லை. நீதிமன்றம் வரை போய்த்தான் விடுதலை கிடைத்தது. இவ்வளவு வருடம் கழித்தும் களத்தில் ஒருவர் தன் பெயரைச் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குக் காரணம் அறியாமை என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். உங்கள் மாவட்டத்துக்கான எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகுக்குப் போங்கள். இப்போது ‘திஷா’ என்று பெயர் மாறியிருந்தாலும், ‘டாப்கு ஆபீஸ்’ என்று பழைய பெயரைச் சொல்லிக் கேட்டால் அரசு மருத்துவமனை வளாகத்தில் யாராவது வழி காட்டுவார்கள். மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் எந்தெந்த டி.ஐ. திட்டங்கள் (தொற்று ஆபத்து அதிகமுள்ள குழுக்களுக்காகத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் தடுப்புத் திட்டங்கள்) நடக்கின்றன, அவை யாருக்காக? நம்பிக்கை மையங்கள் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை), சுகவாழ்வு மையங்கள் (பால்வினை நோய் சிகிச்சை), ஏ.ஆர்.டி. மையம் (எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் இடம்), அதன் கிளையான இணைப்பு ஏ.ஆர்.டி. மையங்கள் எங்கெங்கே இருக்கின்றன, எந்த நாளில் இயங்குகின்றன? யாருக்கு இன்னும் யாரும் போய்ச் சேரவில்லை?

மூன்றாவது கேள்விக்கு அதிகாரி சொல்லும் பதில் ஒன்றாக இருக்கும். ஏ.ஆர்.டி. மையத்து வாசலில் மருந்துக்குக் காத்திருப்பவர் சொல்லும் பதில் வேறாக இருக்கும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். திருப்பூரில் அது வெளிமாநிலத் தொழிலாளர் குடியிருப்பாக இருக்கலாம். நாமக்கல்லில் லாரி பட்டறைகளைத் தாண்டி, நீண்டதூரம் ஓடும் டிரைவர் வீட்டில் விட்டுவந்த மனைவியாக இருக்கலாம். இப்போது பல ஊர்களில் ஆட்கள் சந்திக்கும் ‘இடம்’ பூங்காவோ பஸ் ஸ்டாண்டோ இல்லை, டேட்டிங் ஆப். சந்திப்பு முழுக்க போனில் முடிந்துவிடுவதால், பழைய ஹாட்ஸ்பாட் (ஆட்கள் கூடும் இடங்கள்) பட்டியலை மட்டும் நம்பினால் இளைஞர்களில் பெரும்பகுதி உங்கள் கண்ணிலேயே படமாட்டார்கள்.

காகிதங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சுவாரசியமான பகுதி இல்லை. நிறுவனம் அறக்கட்டளையாகவோ, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகவோ, கம்பெனிச் சட்டத்தின் பிரிவு 8 நிறுவனமாகவோ இருக்கலாம். பான், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள், தொண்டு நிறுவனங்களுக்கான அரசு இணையதளப் பதிவான தர்ப்பண் எண், தணிக்கை செய்த கணக்குகள் இவையெல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணம் வாங்க வேண்டுமென்றால் சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவு வேண்டும். டி.ஐ. திட்டத்துக்கு டான்சாக்ஸ் அறிவிப்பு வெளியிட்டு விண்ணப்பம் கேட்கும். ஆவணங்களைப் பார்ப்பார்கள், நேரிலும் வந்து பார்ப்பார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனம் ஒன்று வெளிநாட்டு நன்கொடை வாங்கி உங்களுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுப்பதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய நடைமுறையை வைத்து யோசனை சொல்லும் நண்பர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதல் வருடமே டி.ஐ. கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்காகச் சும்மா இருக்கவும் வேண்டாம். ஏற்கெனவே டி.ஐ. நடத்தும் ஒரு நிறுவனத்தோடு பேசி, அவர்கள் கை எட்டாத இரண்டு கிராமத்தையோ ஒரு தொழிற்பேட்டையையோ நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. பின்னாளில் உங்கள் விண்ணப்பத்துக்குப் பலமும் சேரும்.

ஆட்களை எடுப்பது

டி.ஐ. திட்டத்தில் திட்ட மேலாளர், ஆலோசகர், கணக்கும் கண்காணிப்பும் பார்ப்பவர், களப்பணியாளர்கள் (ஓ.ஆர்.டபிள்யூ.), அவர்களுக்குக் கீழே பியர் எஜுகேட்டர்கள் (தன் சமூகத்தவருக்கே எடுத்துச் சொல்பவர்கள், சுருக்கமாகப் பியர்) என்று ஒரு கட்டமைப்பு உண்டு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோவின் நெறிமுறைகளில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு இது: பெண் பாலியல் தொழிலாளர் அல்லது தன்பால் உறவு கொள்ளும் ஆண்கள் சுமார் 60 பேருக்கு ஒரு பியர், ஊசி மூலம் போதை எடுப்போரில் சுமார் 40 பேருக்கு ஒருவர், சுமார் 250 பேருக்கு ஒரு களப்பணியாளர்.

பியர் என்பவர் அந்தச் சமூகத்திலிருந்தே வர வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் தவறு நடக்கிறது. நன்றாகப் பேசுகிற, படித்த, நேரத்துக்கு வருகிற ஒருவரை எடுத்துவிடுகிறார்கள். அவருக்குத் தெரிந்தவர்கள் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். மீதி 45 பேர் லைன் லிஸ்டில் (பதிவானவர்கள் பட்டியலில்) பெயராக மட்டும் இருப்பார்கள். எடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வருபவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, ‘உங்களுக்குத் தெரிந்தவர்களைப் பெயர் எழுதாமல், ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி வையுங்கள். வாரத்தில் ஒருமுறையாவது பார்ப்பவருக்கு வட்டம் போடுங்கள்’ என்று சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதைச் செய்துவிடுவார். அந்தத் தாள் பயோடேட்டாவைவிட அதிகம் சொல்லும்.

இன்னொன்று. ஒரே லாட்ஜைச் சுற்றி இருப்பவர்களில் வயது ஒரு கூட்டத்தைப் பிரிக்கும், கூலி ஒரு கூட்டத்தைப் பிரிக்கும், ஏஜென்ட் யார் என்பதும் பிரிக்கும். ஐம்பது வயது அக்காவிடம் இருபத்திரண்டு வயதுப் பெண் மனம்விட்டுப் பேச மாட்டாள். திருநங்கைகளிடையே ஜமாத் (குருவும் அவருடைய சீடர்களான சேலாக்களும் சேர்ந்த குழு) உறவுகள் உண்டு. குருவிடம் பேசாமல் சேலாவைப் பியராக எடுத்தால் இரண்டு பக்கமும் சங்கடம். முதலில் மூத்தவர்களைப் போய்ப் பாருங்கள், வந்த விஷயத்தைச் சொல்லுங்கள், அப்புறம் ஆள் கேளுங்கள்.

பயிற்சி: எதைக் கேட்டு வாங்குவது

டி.ஐ. திட்டத்துக்குள் வந்துவிட்டால் அரசு அமைப்பின் வழியாகவே தொடக்கப் பயிற்சியும் மறுபயிற்சியும் வரும். டி.ஐ. திட்டங்களுக்கு வழிகாட்டும் தொழில்நுட்ப உதவி அலகின் அலுவலர்கள் களத்துக்கு வந்து உடன் நடந்து சொல்லித் தருவார்கள். திட்டத்துக்கு வெளியே இருக்கும் நிறுவனமாக இருந்தால் டாப்கு மூலமாக, பக்கத்து டி.ஐ.யின் பயிற்சியில் இரண்டு பேரை உட்கார அனுமதி கேளுங்கள். உங்கள் ஆலோசகரை நம்பிக்கை மையத்து ஆலோசகரோடு ஒரு வாரம் உட்கார வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். மண்டபத்தில் பவர்பாயின்ட் பார்ப்பதைவிட அந்த ஒரு வாரம் மேல்.

மண்டபப் பயிற்சியில் பெரும்பாலும் தகவல் இருக்கும், கைப்பழக்கம் இருக்காது. அதை நீங்கள்தான் உங்கள் அலுவலகத்தில் உண்டாக்க வேண்டும். ஆணுறை செயல்விளக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மரமாதிரியை வைத்துப் பட்டப்பகலில் எல்லோரும் சரியாகச் செய்துகாட்டுவார்கள். அடுத்த முறை கண்ணைக் கட்டிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். உண்மையில் அது நடக்கும் இடத்தில் வெளிச்சம் இருக்காது. காலாவதித் தேதியை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பாக்கெட்டை விரலால் அழுத்தினால் உள்ளே காற்று இருப்பது தெரிய வேண்டும். பல்லால் கிழிக்கக் கூடாது. நுனியைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு அடிவரை உருட்ட வேண்டும். வெளியே எடுக்கும்போது அடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் லேடக்ஸ் பலவீனமாகிக் கிழியும். தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட்தான் சரி. இது கூட்டத்தில் பாதிப் பேருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

அப்புறம் அடுத்த கட்டம். ‘ஆணுறை போட்டால் 500 ரூபாய், போடாவிட்டால் 1,000 என்று கஸ்டமர் சொல்கிறார். இப்போது அந்தப் பெண் என்ன சொல்ல வேண்டும்?’ இதற்குப் பயிற்சியாளரிடம் பதில் கிடையாது, பியர்களிடம் உண்டு. அவர்களை நடித்துக்காட்டச் சொல்லுங்கள். ‘எனக்கு உடம்பு சரியில்ல, உங்களுக்கு ஒட்டிக்கும்’ என்பாள் ஒருத்தி. பேச்சுக் கொடுத்துக்கொண்டே, ஆளுக்கே தெரியாமல் போட்டுவிடும் வித்தையைச் சொல்வாள் இன்னொருத்தி. அறை சிரிப்பில் அதிரும், ஆனால் அன்றைக்குக் கற்றுக்கொண்டது யாருக்கும் மறக்காது.

அறிவுப் பகுதியில் எதைக் கட்டாயம் எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும்? என் கணக்கில் ஐந்து விஷயங்கள். தொற்று ஏற்பட்ட உடனே பரிசோதனையில் தெரியாது, மூன்று மாதம் வரை இடைவெளி இருக்கலாம், அதனால் மறுபரிசோதனை வேண்டும். தொற்று உறுதியானால் சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை எவ்வளவு என்று பாராமல் மருந்து தொடங்கலாம், 2017லிருந்து அதுதான் நடைமுறை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. ஆபத்தான தொடர்பு நடந்துவிட்டாலோ ஊசி குத்திவிட்டாலோ 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தொற்றுள்ள கர்ப்பிணி மருந்து எடுத்து, குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுத்தால் குழந்தை தொற்றில்லாமல் பிறந்து வளர முடியும். மூன்றாவது விஷயத்தை ஆலோசகர்கள்கூடச் சில சமயம் சொல்லத் தயங்குகிறார்கள், ‘அப்புறம் ஆணுறையை விட்டுவிடுவார்கள்’ என்று. சொல்லித்தான் ஆக வேண்டும். மருந்தை விடாமல் சாப்பிட அதைவிட நல்ல காரணம் ஒருவருக்குக் கிடைக்காது.

களம்: வரைபடத்திலிருந்து நுண்திட்டம் வரை

முதல் மாதம் யாரையும் பதிவு செய்யாதீர்கள். பியர்களோடு நடந்து வரைபடம் போடுங்கள். டீக்கடை, லாட்ஜ், சுடுகாட்டுப் பக்கம், பைபாஸ் தாபா, எந்த இடத்தில் எந்த நேரம் ஆள் இருக்கும், எந்தக் கிழமையில் கூட்டம், போலீஸ் எப்போது வரும் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். சம்பள நாள், சந்தை நாள், திருவிழா எல்லாம் ஆள் எண்ணிக்கையை மாற்றும். சித்திரைப் பௌர்ணமிக்குத் திருநங்கைகள் கூவாகம் கோயில் திருவிழாவுக்குப் போய்விடுவார்கள். அந்த வாரம் உங்கள் ஊரில் பரிசோதனை முகாம் வைத்தால் காலி நாற்காலிகளைத்தான் போட்டோ எடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது மாதத்திலிருந்து லைன் லிஸ்ட். ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளக் குறியீடு. பிறகு நுண்திட்டம்: இந்தப் பியர் பொறுப்பில் உள்ள 60 பேரில் யாருக்கு வாரத்தில் எத்தனை பேரோடு தொடர்பு, யார் புதியவர், யார் குடிப்பார், யார் ஆணுறை கேட்பதே இல்லை. அதை வைத்து ஆணுறைத் தேவையை ஆள்வாரியாகக் கணக்கிடுங்கள். ஒருவருக்கு மாதம் 80 தேவை, இன்னொருவருக்கு 10 போதும். தலைக்கு 30 என்று சமமாகப் பங்கு போட்டால் ரிப்போர்ட் அழகாக இருக்கும், 80 தேவைப்படுகிறவர் பாதி மாதத்துக்கு மேல் ஆணுறை இல்லாமல் இருப்பார்.

பதிவானவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பால்வினை நோய்களுக்கான மருத்துவப் பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. மற்றும் சிபிலிஸ் பரிசோதனை என்பது நடைமுறை. இதற்காக ‘டியூ லிஸ்ட்’ (பரிசோதனைக்கு நாள் வந்தவர்கள் பட்டியல்) எடுப்பார்கள். அதோடு நிற்காமல் தேதி தாண்டியவர்களின் பட்டியலைத் தனியாக எடுங்கள். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் முதலில் அதை வாசியுங்கள். ஆறு மாதம் தாண்டியும் வராதவரை ஏன் காணோம் என்று பியரைக் கேளுங்கள். ஊர் மாறிவிட்டார், அடிபட்டுக் கிடக்கிறார், கிளினிக்கில் நர்ஸ் ஒருமாதிரி பேசிவிட்டார் என்று பதில் வரும். மூன்றாவது பதில் வந்தால் அது உங்கள் வேலை, பியருடைய வேலை இல்லை. அன்றே போய் அந்த மருத்துவ அலுவலரைப் பாருங்கள்.

பரிசோதனையிலிருந்து மருந்து வரை

அதிகம் பேர் கைநழுவுவது இங்கேதான். பயிற்சி பெற்ற ஊழியர்கள் களத்திலேயே விரல்நுனி ரத்தத்தில் முதல்கட்டச் சோதனை செய்யலாம். அதில் தொற்றைக் காட்டும் கோடு விழுந்தால் ‘உங்களுக்கு எச்.ஐ.வி.’ என்று சொல்லக் கூடாது. ‘இன்னும் ஒருமுறை நிச்சயம் செய்து பார்க்க வேண்டும், நானே கூட வருகிறேன்’ என்பதுதான் சொல்ல வேண்டியது. நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு வகைக் கிட்களில் மூன்று சோதனை செய்துதான் உறுதி சொல்வார்கள்.

‘நாளைக்கு வாங்க’ என்று சொன்னால் பாதிப் பேர் வர மாட்டார்கள். முடிந்தால் அன்றே, அதே ஆட்டோவில் கூட்டிப் போங்கள். ஆட்டோ செலவுக்கு ஆலோசகர் கையில் எப்போதும் கொஞ்சம் பணம் இருக்கட்டும். நம்பிக்கை மையத்தில் முடிவு வந்ததும் ஏ.ஆர்.டி. மையத்துக்கும் உடன் போங்கள். அங்கே பதிவு, ரத்தப் பரிசோதனை, காசநோய் அறிகுறி பார்ப்பது எல்லாம் நடக்கும். இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல் என்ற நான்கு கேள்விகளை உங்கள் ஊழியரும் ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்கப் பழக வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் எடுப்பது காசநோய்தான்.

மருந்து இப்போது பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. பழைய மருந்தில் வந்த கெட்ட கனவு, தலைசுற்றல், ரத்தசோகைக் கதைகளைக் கேட்டு இன்றும் பயப்படுகிறவர்கள் உண்டு. பல வருடமாக மருந்து எடுக்கும் ஒருவரை, அவர் சம்மதத்தோடு, புதியவரோடு பேச வையுங்கள். உங்கள் ஆலோசகர் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அவர் பத்து நிமிடம் பேசுவது போய்ச் சேரும்.

முதல் மூன்று மாதம் நெருக்கமாகப் பின்தொடருங்கள். ஆறாம் மாதம் வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) பார்க்க வேண்டும், பிறகு பன்னிரண்டாம் மாதம், அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை. மருந்து நாள் தவறினால் மறுநாளே விசாரியுங்கள். வேலைக்காக ஊர் மாறுகிறவருக்கு ஏ.ஆர்.டி. மையத்தில் மாற்றுக் கடிதம் வாங்கிக் கொடுங்கள். சேலத்திலிருந்து திருப்பூர் போன ஒருவர் அந்தக் கடிதம் இல்லாமல் புது மையத்து வாசலில் நின்று திரும்பிவிட்டால், மறுபடி உடம்பு படுத்த பிறகுதான் வருவார்.

ரகசியம் காப்பது அன்றாட வேலை

பயிற்சியில் ‘ரகசியம் காக்க வேண்டும்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதை வேலையாகப் பிரித்தால் இப்படி இருக்கும்.

போன் எண் வாங்கும்போது கூடவே கேட்க வேண்டிய கேள்வி: ‘போனை வேறு யாராவது எடுத்தால் நான் யார் என்று சொல்லட்டும்?’ மகளிர் குழு என்று ஒருவர் சொல்வார், தையல் கிளாஸ் என்று இன்னொருவர். அதை அவருடைய பதிவில் எழுதிவையுங்கள். யார் கூப்பிட்டாலும் அதையே சொல்ல வேண்டும். ‘அக்கா, டேப்லட் வாங்க வரலியே’ என்று ஊழியர் கேட்டு, மறுமுனையில் மாமியார் இருந்தால் ஒரு குடும்பம் உடைந்துபோகும்.

பதிவேடு பூட்டிய அலமாரியில், சாவி இரண்டே பேரிடம். தொற்று உள்ளவர் பட்டியல் ஆலோசகரிடம் மட்டும். திட்ட மேலாளருக்கும் கணக்காளருக்கும் எண்ணிக்கை போதும். வாட்ஸ்அப் குழுவில் பதிவேட்டுப் பக்கத்தின் போட்டோ போடக் கூடாது. ஆட்டோ செலவு வவுச்சரில் குறியீடு போதும், பெயர் வேண்டாம். அலுவலகப் போர்டில் ‘எய்ட்ஸ்’ என்ற சொல்லே இருக்க வேண்டியதில்லை. நன்கொடையாளர் கேமராவோடு வந்தால் மையத்துக்கு உள்ளே விடாதீர்கள். அவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இதற்குச் சட்டமும் பின்னால் நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் பரிசோதனை செய்யக் கூடாது. ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு இவற்றில் பாகுபாடு காட்டக் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்திலும், இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவ நிலையத்திலும் புகார் அலுவலர் இருக்க வேண்டும். மாநில அளவில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். முப்பது நாளுக்குள் உத்தரவு, மருத்துவ அவசரம் என்றால் கூடியவரை 24 மணி நேரத்துக்குள். அறுவை சிகிச்சை மறுக்கப்பட்டு ஒருவர் உங்களிடம் வந்தால் இந்தக் கடைசி வரிதான் உதவும்.

போலீஸ், ரவுடி, வீட்டுக்காரர்

பியரின் பையில் இருக்கும் ஆணுறைகளே அவரைப் பிடிப்பதற்குக் காரணமாவது உண்டு. அந்த 2017 சட்டத்தின் 22ஆம் பிரிவு, அரசு வழிகாட்டுதல்படி செய்யப்படும் தொற்றுத் தடுப்பு வேலை குற்றமாகாது என்கிறது. அதன் தமிழ் நகலை ஒவ்வொரு பியரும் அடையாள அட்டையோடு வைத்திருக்கட்டும். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குச் சட்டப்பிரிவை யாரும் வாசிக்க மாட்டார்கள். அதனால் திட்டம் தொடங்கும்போதே ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரைப் போய்ப் பாருங்கள், ஊழியர்களை அறிமுகப்படுத்துங்கள். அவர் மாறுதலாகிப் புதியவர் வந்ததும் மறுபடி போங்கள். பாலியல் தொழிலாளர்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் இட்ட உத்தரவையும் கையோடு கொண்டு போங்கள். அதே உத்தரவின்படி, முகவரிச் சான்று இல்லாத பாலியல் தொழிலாளர்கள் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத் திட்ட இயக்குநரின் சான்றை வைத்து ஆதார் வாங்கலாம். ரேஷன், பேங்க் கணக்கு, உதவித்தொகை எல்லாமே அதற்குப் பிறகுதான் தொடங்கும் என்பதால், முதல் வருடத்தில் உங்கள் பெயரை ஊருக்குள் நிலைநிறுத்தும் வேலை அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

நெருக்கடிக்கு ஒரு சிறு குழு வைத்திருங்கள்: ஒரு வக்கீல், ஒரு மூத்த பியர், போன் எடுக்கும் ஒரு ஊழியர். தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. இவை எல்லோர் போனிலும் பதிந்திருக்கட்டும்.

பணமும் மேற்பார்வையும்

திட்டத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். தவணைப் பணம் சொன்ன மாதத்தில் வரும் என்று நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஒரு காலாண்டுச் சம்பளத்தையாவது தாங்கும் அளவுக்கு உள்ளூர் நன்கொடை சேர்த்து வையுங்கள். பணம் தாமதமானால் முதலில் பியர்களுக்குக் கொடுங்கள், மேலாளர் காத்திருக்கலாம். அந்தத் தொகை சிறியது, அதை நம்பித்தான் அவர் அந்த மாலைத் தொழிலை விட்டுவிட்டு உங்களோடு நடக்கிறார்.

தொழில்நுட்ப உதவி அலகின் அலுவலர் வரும்போது பல நிறுவனங்கள் நல்ல ஹாட்ஸ்பாட்டாகப் பார்த்து அழைத்துப்போகின்றன. உங்களுக்குப் புரியாத ஹாட்ஸ்பாட்டுக்குக் கூட்டிப் போங்கள். அவர் பத்து மாவட்டம் பார்த்தவர், வழி தெரியும். மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் பதிவேட்டையும் பார்ப்பார்கள், லைன் லிஸ்டில் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லி ‘இவரைப் பார்க்க முடியுமா’ என்றும் கேட்பார்கள். அப்படிக் கேட்டால் முதலில் அந்த நபரிடம் சம்மதம் வாங்குங்கள். மறுத்தால் இன்னொரு எண் கேளுங்கள். விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் இதைக் குறையாக எழுத மாட்டார்.

ஊழியர்களுக்கான ஆதரவைப் பற்றி யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. ஆலோசகர் நாளெல்லாம் கேட்பது அடி, கடன், சாவு. மாதத்தில் ஒரு நாள் அவரைப் பேச வைத்துக் கேட்க வெளியிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பக்கத்து மாவட்ட ஆலோசகரோடு மாற்றி மாற்றி உட்கார்ந்தால்கூடப் போதும். பியர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் இருப்பார்கள். அவர்கள் மருந்து வாங்கப் போகும் நாளை வேலை நாளாகவே கணக்கிடுங்கள், லீவு கேட்க வைக்காதீர்கள்.

ஒப்பந்தம் முடியும்போது

திட்டம் உங்களிடமிருந்து வேறு நிறுவனத்துக்குப் போகலாம், அல்லது புதுப்பிக்கப்படாமல் போகலாம். இதற்கான ஏற்பாட்டை முதல் வருடத்திலேயே எழுதி வையுங்கள். மருந்து எடுக்கும் ஒவ்வொருவரும் ஏ.ஆர்.டி. மையத்தோடும், உங்கள் மாவட்டத்தில் இருந்தால் ஆதரவு மையத்தோடும், நேரடித் தொடர்பில் இருக்க வேண்டும். உங்கள் ஊழியர் வழியாக மட்டும் இருக்கக் கூடாது. ஆணுறை, லூப்ரிகன்ட் எங்கே இலவசமாகக் கிடைக்கும் என்று லைன் லிஸ்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பதிவேடுகளை யாரிடம், எந்தக் கையொப்பத்தோடு, எந்த அதிகாரி முன்னிலையில் ஒப்படைப்பது என்பதை டாப்குவோடு பேசி எழுத்தில் வாங்குங்கள். நகல் எதையும் உங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளாதீர்கள். புது நிறுவனம் பொறுப்பேற்கும் வாரம் உங்கள் பியர்களும் அவர்களோடு ஹாட்ஸ்பாட்டுகளுக்கு நடந்து ஆட்களை அறிமுகப்படுத்த வேண்டும். அந்த நாட்களுக்கான படியையும் பயணச் செலவையும் கடைசித் தவணையிலேயே ஒதுக்கி வையுங்கள்.